அறிதலும் பின்செல்லுதலும்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் தெருவிலே, பாலையும் முதிரையும் வீரையும் அடர்ந்த காட்டினைக் கடந்து வருவோர் ஒட்டுசுட்டானை அடைவர். அங்கிருந்து தெற்கே நெடுங்கேணிக்கும் வடகிழக்கே புதுக்குடியிருப்புக்கும் வழிகள் பிரிகின்றன. இன்று இவை தெருக்கள். பேருந்திலே ஏறி அமர்ந்தவன் கண்ணயர்ந்தாலும் போய்ச் சேருவான். தெருக்கள் இல்லாத காலத்திலோ, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல விரும்பியவன் முதலில் வழி தெரிந்த ஒருவனைத் தேட வேண்டியிருந்தது. தேனெடுப்பவனோ வேட்டைக்குச் செல்பவனோ முன்னே நடப்பான். ஓரிடத்தில் நிற்பான், காற்றை முகர்ந்து பார்ப்பான், நேரே கிடந்த பாதையை விட்டுப் பக்கத்துப் பற்றைக்குள் நுழைவான். காரணம் கேட்டால், யானை நிற்கிறது என்பான். சில வேளை ஒன்றும் சொல்லான். பின்னே வருபவனுக்குக் காடு தெரியாது, வழியும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஒன்றே: முன்னே செல்லும் ஆளைத் தெரியும். அந்தத் தெரிவு ஒன்றே அவன் கால்களை நகரச் செய்தது. அவனைக் கயிற்றாற் பிணித்து இழுத்துச் சென்றிருந்தால், முதற் சந்தியிலேயே தப்பியோடியிருப்பான். ஓடிக் காட்டில் மாண்டும் இருப்பான்.

கடவுளை மெய்யாக அறிதல் என்பதும், மனம் விரும்பி அவர் பின்னே செல்லுதல் என்பதும் வெவ்வேறு பாடங்கள் என்று பலர் கருதுகின்றனர். முன்னது அறிஞர்க்கு உரியது என்றும், பின்னது பக்தர்க்கு உரியது என்றும் பிரித்துவிடுவதும் உண்டு. காட்டு வழியிலே அவ்வாறு பிரித்தல் இயலாது. ஆளை அறியாதவன் பின்னே செல்லான். செல்ல மறுப்பவன் ஆளை அறிந்தேன் என்று சொல்வதிற் பொருளில்லை.

ஒட்டுசுட்டான் என்னும் பெயருக்கு ஊரார் ஒரு காரணம் சொல்வர். உழவன் ஒருவன் குரக்கன் அரிந்தபின், எஞ்சி நின்ற ஒட்டினைச் சுட்ட இடத்திலே சிவலிங்கம் தானாகவே தோன்றியது என்பது ஐதிகம். அங்கே எழுந்த திருக்கோயிலுக்குத் தான்தோன்றீசுவரர் கோயில் என்று பெயர் வழங்குகின்றது. சைவ மக்கள் போற்றும் இவ்வரலாற்றைக் கிறிஸ்தவர் ஒருவர் கேட்கும்பொழுது, தம் சமயத்திலிருந்து அதனைப் பிரிக்கும் எல்லைகளை அவர் மறக்க வேண்டியதில்லை. ஆயினும் அதனுள்ளே கிடக்கும் ஓர் உண்மை அவருக்கும் அந்நியமானதன்று. மனிதன் தேடிக் கண்டுபிடித்த பொருளன்று கடவுள். தம்மைத் தாமே காட்டியருளினாலன்றி அவரை எவரும் அறியார். கிறிஸ்தவ வேதம் தொடக்கம் முதல் முடிவுவரை சொல்வதும் இதுவே. எரிந்தும் கருகாத முட்செடியின் நடுவிலிருந்து மோயீசனை அழைத்தவர் கடவுள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மோயீசன் அவரைத் தேடிச் செல்லவில்லை. அங்கும் காடு, அங்கும் தீ, அங்கும் தன் தொழிலிலே கண்ணாயிருந்த ஓர் எளியவன்.

இனி, அறிதல் என்னும் சொல்லைச் சற்று ஆராய வேண்டும். ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலே முத்தையன்கட்டுக் குளம் இருக்கின்றது. அதன் அணை எவ்வளவு நீளம், நீர் எத்தனை அடி நிற்கும், எத்தனை ஏக்கருக்குப் பாயும் என்பன நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஏடுகளில் உள்ளன. அவற்றை ஒரு மாணவன் ஒரே மாலைப்பொழுதில் மனப்பாடஞ் செய்து மறுநாள் பிழையின்றி ஒப்புவிக்கலாம். எந்த வாய்க்காலில் நீர் பிந்தி வரும், வானம் பொய்த்த ஆண்டிலே எவ்வளவு விதைத்தாற் பிழைக்கலாம், அணையில் ஈரம் கசிந்தால் எத்துணை அஞ்ச வேண்டும் என்பவற்றை அறிந்தவனோ அக்குளத்தை நம்பி விதைத்தவன். இருவரும் குளத்தை அறிவோம் என்றே சொல்வர். ஏட்டறிவு பொய்யன்று, அது வேண்டியதுதான். ஆனால் குளம் உடைத்தால் இழப்பதற்கு ஒன்றுமில்லாதவனுடைய அறிவு அது.

வேதாகமத்திலே யோபுவின் நண்பர்கள் மூவர் வருகின்றனர். கடவுளைப் பற்றி அவர்கள் பேசியவற்றுட் பல, தனித்தனியே எடுத்துப் பார்த்தால், குற்றம் காண முடியாத சொற்களே. நீதியுள்ளவர், வல்லவர், தீயோரைத் தண்டிப்பவர் என்றெல்லாம் அழகாகப் பேசினர். முடிவிலே கடவுள் சினந்தது அவர்கள்மீது. முறையிட்டும் வாதாடியும் அழுதும் நின்ற யோபுவின்மீதன்று. முன்னே காதாற் கேட்டிருந்தவரை இப்பொழுது கண்ணாற் கண்டேன் என்னும் பொருள்பட யோபு இறுதியிற் பேசுகின்றார். அந்த நண்பர்கள் கடவுளைப் பற்றிப் பேசினர். யோபு கடவுளோடு பேசினார். யாகப்பர் தம் நிருபத்திலே இன்னும் கடுமையாகச் சொல்லிவிட்டார்: கடவுள் ஒருவரே என்பதைப் பேய்களும் அறிந்து நடுங்குகின்றன என்று. பேய்களின் ஞானோபதேசத்திலே பிழை கிடையாது போலும்!

ஈழநாட்டுத் தமிழ்க் கிறிஸ்தவர்க்கு இந்த வேறுபாடு நூலிலே படித்து அறிய வேண்டியதொன்றன்று. அவர்களது சொந்த வரலாறே அதனைக் காட்டி நிற்கின்றது.

1658 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமாரை நாட்டினின்றும் அகற்றினர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரண தண்டனை என்று அவ்வாண்டிலேயே கட்டளை பிறப்பித்தனர். கோவிற்பற்றுத்தோறும் பாடசாலை வைத்தனர். பாடசாலை ஆசிரியரே பிறப்பையும் திருமணத்தையும் தோம்பிலே பதிந்தார். ஞாயிற்றுக்கிழமைகளிற் செபம் வாசித்தார். பிள்ளைகளுக்கு ஞானோபதேச வினா விடையைக் கற்பித்தார். வராத பிள்ளையின் பெற்றோரிடம் தண்டப்பணம் வாங்கப்பட்டது. தோம்பிலே பெயரில்லாதவனுக்குத் திருமணம் செல்லாது. முதுசம் சேர்வதும் கடினம். உத்தியோகமோ கனவிலும் இல்லை. எனவே பெயர்கள் பதிவாயின. குடாநாடு முழுவதும் கிறிஸ்தவ நாடு என்று ஏடுகள் சொல்லின. 1660களில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பால்தேயு என்னும் ஒல்லாந்த குருவானவரே, இவர்களுட் பலர் பெயரளவிலே கிறிஸ்தவர் என்பதை ஒளியாது எழுதிவைத்தார். அவர் நேர்மையாளர்.

ஒல்லாந்தரை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. அவர்களுக்கு முன்னிருந்த போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தபின் கோயில்களை இடித்தனர். ஊர் ஊராகத் திருமுழுக்குக் கொடுத்தனர். அக்காலத்திலே விரதமிருந்து உண்ட சைவ மக்கள், உண்ட இலையைத் தெருவில் எறிய அஞ்சிக் கூரை இறப்பிலே செருகி மறைத்தனர் என்று முதியோர் சொல்வதுண்டு. அந்த இலை கிறிஸ்தவரைக் குற்றஞ்சாட்டும் இலை. அதனை மறைத்தவனோ, ஆபத்திற்கு நடுவிலும் தான் அறிந்த தெய்வத்தை மனமுவந்து வழிபட்டவன். அவனது வழிபாட்டிலே வற்புறுத்தல் இல்லை, ஊதியமும் இல்லை.

ஒல்லாந்தரின் திருச்சபையிலும் மெய்யன்பர் இல்லாமற் போகவில்லை. தமிழராகிய பிலிப்பு தெ மெல்லோ அச்சபையிலே குருப்பட்டம் பெற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழிலே பெயர்த்தார். அது 1759 ஆம் ஆண்டு கொழும்பில் அச்சேறியது. அவரைப் போன்றவர் சிலர். மற்றையோரின் நிலை 1795 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. புதிய அரசு தண்டப்பணம் வாங்கவில்லை. உத்தியோகத்திற்குத் திருமுழுக்கு வேண்டும் என்று வற்புறுத்தவும் இல்லை. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிரப்பப்பட்ட தோம்பு, சில ஆண்டுகளுக்குள்ளே வெறுங்காகிதமாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திற்கு வந்த குளோடியசு புக்கானன் என்னும் குருவானவர், கோயிற் கட்டடங்கள் நிற்கவும், அவற்றிலே போதிப்பதற்குத் தரங்கம்பாடியிலிருந்து வந்த கிறிஸ்தியான் தாவீது என்னும் தமிழர் ஒருவரன்றி வேறொருவரும் இல்லாததைக் கண்டு வருந்தினார். வினா விடையை மனப்பாடஞ் செய்த அத்தனை பிள்ளைகளும் வளர்ந்து எங்கே போயினர்? அவர்கள் எங்கும் போகவில்லை. தாம் முன்னே நின்ற இடத்திலேயே நின்றனர். தோம்பு மட்டுமே இடம் மாறியிருந்தது.

இதே காலத்திலே வன்னிக் காட்டிற்குள் வேறொரு கூட்டம் சென்றது. 1670 ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபது, தங்கள் கோயிலிலிருந்த தேவமாதாவின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு ஒல்லாந்தரின் கைக்கெட்டாத காட்டை நாடி நடந்தன என்பது மடுப்பதியின் மரபுவழி வரலாறு. மருத மடுவிலே அவர்கள் குடியேறினர். அவர்களிடம் குருவானவர் இல்லை, பாடசாலை இல்லை, பூசையும் இல்லை. அண்ணாவியாரும் மூப்பரும் செபங்களைச் சொல்ல மற்றையோர் பின்னே சொல்லினர். பிறந்த பிள்ளைக்கு அவர்களே திருமுழுக்குக் கொடுத்தனர். காய்ச்சலும் கரடியும் யானையும் உள்ள காடு. பெயரைத் தோம்பிலே பதிந்துவிட்டு மாந்தையிலேயே இருந்திருக்கலாம். வயலும் வீடும் எஞ்சியிருக்கும். அவர்கள் கற்ற இறையியல் மிகச் சிறிது. அவ்விருபது குடும்பத்தாரைச் சோதித்திருந்தால் ஒல்லாந்தப் பாடசாலைப் பிள்ளைகளை விடக் குறைந்த புள்ளிகளே பெற்றிருப்பர்.

இவர்களையும் இவர்களைப் போன்றவர்களையும் தேடி 1687 இல் ஒருவர் வந்தார். கோவாவிலே 1651 ஆம் ஆண்டு பிறந்து குருப்பட்டம் பெற்ற கொங்கணி அந்தணர் யோசேவாசு அடிகளே அவர். தூத்துக்குடியிலிருந்து பிச்சைக்காரர் கோலத்திலே கப்பலேறினார். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது வயிற்றோட்டத்தால் சாகும் நிலையிலிருந்தார். துணைக்கு வந்தவர் யோவான் என்னும் பணியாள் ஒருவரே. கத்தோலிக்கர் யாரென்று கேட்டறிய வழியில்லை. கேட்பது தூக்குமரத்திற்கு வழி. ஆகவே கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதனைக் கண்டு எவர் முகம் மலர்கின்றதோ அவரை அறிந்துகொண்டார். சில்லாலை ஊரார் அவரை மறைத்துக் காத்தனர். தமிழைக் கற்று இரவுகளிலே பூசை வைத்தார். பின்னர்ப் புத்தளம் சென்று, 1692 இல் கண்டியை அடைந்து, ஒற்றர் என்னும் ஐயத்தின் பேரிற் சிறைப்பட்டார். விடுதலை பெற்றபின், காட்டு வழிகளிலே நடந்து தீவெங்கும் சிதறிக் கிடந்த மக்களைத் தேடினார். வன்னிக் காடும் அவர் கால்களுக்குப் பழகியதே.

இவரது வாழ்விலே பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. இலங்கைக்கு வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1677 ஆகத்து 5 ஆம் நாளன்று, சாங்குவாலே என்னும் தம் ஊர்க் கோயிலிலே அவர் ஓர் அடிமைச் சாசனம் எழுதினார். தம்மைத் தேவமாதாவின் நிரந்தர அடிமையாகத் தாமே ஒப்புக்கொடுத்துக் கைச்சாத்திட்டார். அடிமை என்னும் சொல்லைக் கேட்டுத் தயங்குவோர் இருக்கலாம், தயங்குவதும் நியாயமே. அச்சொல் யாழ்ப்பாணத்திலும் மேற்குக் கரைத் துறைமுகங்களிலும் மனிதரை விலைக்கு வாங்கிய சொல். ஆனால் மோயீசனின் சட்டத்திலே விசித்திரமான ஒரு விதி இருக்கின்றது. எபிரேய அடிமை ஆறாண்டு உழைத்து ஏழாம் ஆண்டிலே விடுதலை பெறுவான். கதவு திறந்தபின், தலைவனிடத்தில் அன்புள்ளவனாய், தான் போக விரும்பவில்லை என்று அவனே சொன்னால், அவனைக் கதவு நிலையருகே நிறுத்தி ஊசியாலே காது குத்துவர். விடுதலை அவனது உரிமை. அந்த உரிமை கையில் வந்தபின்னரே அவன் தங்குவது அன்பாகின்றது. கதவு மூடியிருந்த ஆறாண்டுகளிலும் அவன் தங்கியிருந்ததைக் கொண்டு எதனையும் அறிய முடியாது. ஒல்லாந்தரின் தோம்பு அந்த மூடிய கதவு. வாசு அடிகளின் சாசனம் ஏழாம் ஆண்டிற் சொன்ன சொல்.

1697 இலே கண்டியிற் பெரியம்மை பரவியது. அரசனும் குடிகளும் நகரை விட்டு வெளியேறினர். நோயாளிகள் வீதியிலும் காட்டோரத்திலும் கைவிடப்பட்டனர். வாசு அடிகளும் அவருடைய மருமகனாகிய யோசே கர்வாலியு அடிகளும் நகரிலே தங்கினர். நோயாளிகளைச் சுமந்து வந்து கிடத்தினர், கழுவினர், கஞ்சி ஊட்டினர், இறந்தோரைப் புதைத்தனர். அவர்களுட் கத்தோலிக்கரும் இருந்தனர், பௌத்தரும் இருந்தனர். கஞ்சிக் கலத்தை நீட்டும்பொழுது சமயம் கேட்கவில்லை.

இச்செய்தி வன்னி மண்ணிலே இப்பொழுது நினைக்கப்பட வேண்டியதொன்று. 2008 இன் இறுதியிலும் 2009 இன் தொடக்கத்திலும் ஒட்டுசுட்டானும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் வெறுமையாயின. மடுவிலிருந்த திருவுருவமும் 2008 ஏப்ரிலிலே மீண்டும் ஒருமுறை சுமந்து செல்லப்பட்டு, தேவன்பிட்டியிலே தங்கி, ஆகத்திலே திரும்பியது. போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. செட்டிகுளத்து முகாம்களிலிருந்து மீண்டவர்கள் கூரையில்லாச் சுவர்களையும் தூர்ந்த கிணறுகளையும் கண்டனர். உதவ வந்த கைகள் பல. அவற்றுட் பெரும்பாலானவை கைம்மாறு கருதாதவை. ஆயினும், கூரைத் தகட்டையும் அரிசியையும் கொடுக்கும் ஒரு கை, செபக் கூட்டத்திற்கு வரவேண்டும் என்னும் சொல்லையும் சேர்த்துக் கொடுக்குமாயின், அது ஒல்லாந்தரின் தோம்பைப் புதிதாகத் திறக்கின்றது. அத்தகைய செயல் எங்கே நிகழினும், அதனாற் சைவ மக்கள் மனம் நோவதைவிடக் கிறிஸ்தவர் மிகுதியாக மனம் நோதல் வேண்டும். ஏனெனில் பசித்தவன் தலையசைத்தால் அது அவன் கடவுளை அறிந்ததற்கு அடையாளமன்று, பசிக்கு அடையாளம். அரிசி முடிந்ததும் அவன் வாராதிருப்பான். அப்பொழுது அவனை நன்றியற்றவன் என்று தூற்றுவர். அவனிடம் கேட்கப்படாத ஒன்றை அவன் எப்படிக் கொடுப்பான்?

கிறிஸ்தவ வீடுகளின் உள்ளேயும் இத்தோம்பு உண்டு. மாலையிலே மந்திரம் சொல்லாத பிள்ளைக்கு இராச்சோறு இல்லை என்று மிரட்டும் வீடுகள் இருக்கின்றன. பிள்ளை சொல்லும், விரைவாகச் சொல்லும், அடுப்படியை நோக்கிக்கொண்டே சொல்லும். பழக்கம் நல்லதே, சிறு பிள்ளையைப் பழக்காமல் விட்டுவிடுதல் அன்பாகாது. கை பிடித்து நடத்தும் பருவம் ஒன்றுண்டு. ஆனால் அப்பிள்ளை பதினேழு வயதிலே பட்டணத்திற்குப் படிக்கச் செல்லும். கடல் கடந்தும் செல்லும். அங்கே மிரட்டுவோர் இல்லை. அவ்வேளையில் அதன் நினைவுக்கு வருவது யாது? இராச்சோற்றை நிறுத்திய தந்தையா, அல்லது முகாமின் கூடாரத்திலே, மகனை இழந்தபின்னும், எவரும் சொல்லாமலே இருட்டில் எழுந்திருந்து செபமாலை மணியை உருட்டிய பாட்டியா? அப்பாட்டி கடவுளிடத்திற் கோபித்திருக்கவும் கூடும். யோபுவும் கோபித்தார். கோபித்தும் எழுந்து போகாதவரையே பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கின்றது.

எழுந்து போனவர்களைப் பற்றியும் சுவிசேஷம் சொல்கின்றது. இயேசுநாதர் அப்பம் பெருக்கி ஐயாயிரவரை உண்பித்த மறுநாள், கூட்டம் அவரைத் தேடி வந்தது. அப்பம் தின்று வயிறு நிறைந்ததனாலே தேடுகின்றீர்கள் என்று அவர் கடிந்துகொண்டார். பின்னர் அவர் சொன்ன உபதேசம் கடினமாயிருந்தது. சீடருட் பலர் பின்வாங்கிப் போயினர். அவர் அவர்களைத் தடுக்கவில்லை. உபதேசத்தை இலகுவாக்கி மீண்டும் அழைக்கவும் இல்லை. இன்னும் ஒரு முறை அப்பம் பெருக்கவும் இல்லை. எஞ்சி நின்ற பன்னிருவரைப் பார்த்து, அவர்களும் போக விரும்புகின்றனரோ என்று கேட்டார். கூட்டம் கலைந்துகொண்டிருக்கும் வேளையிலே, எஞ்சிய சிலருக்கும் கதவைத் திறந்து காட்டும் தலைவர் உலகில் அரியர். கத்தோலிக்கர் இராயப்பர் என்றும் மற்றைக் கிறிஸ்தவர் பேதுரு என்றும் வழங்கும் சீடர், தங்களுக்கு வேறு எவரிடம் போக இருக்கின்றது என்று விடை கூறினார். உபதேசம் முழுவதும் விளங்கிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு விளங்கியிருக்கவும் மாட்டாது. முன்னே செல்பவர் யார் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அதுவும் முழுமையாகத் தெரிந்ததன்று என்பதைச் சுவிசேஷம் மறைக்கவில்லை. இயேசுநாதரைப் பிடித்துச் சென்ற இரவிலே, தலைமைக் குருவின் முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டிருந்த இராயப்பர், ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு அஞ்சி, அந்த மனிதனை அறியேன் என்று மும்முறை மறுத்தார். தூக்குமரம் எதிரே நிற்கும்போது சொல்லும் சொல்லை எளிதிற் பழித்தல் ஆகாது. யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தரின் முன்னிலையிலும் அச்சொல்லைச் சொன்னவர் பலர் இருந்திருப்பர். சேவல் கூவியது, இராயப்பர் வெளியே போய் அழுதார்.

உயிர்த்த இயேசுநாதர் கலிலேயக் கடற்கரையிலே அவரை மீண்டும் சந்தித்தார். இரவு முழுவதும் வலை வீசியும் ஒன்றும் அகப்படாதிருந்தவர்களுக்குக் கரையிலே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்திருந்தார். உண்டபின் இராயப்பரை நோக்கினார். ஏன் மறுத்தாய் என்று கேட்கவில்லை. தம்மைப் பற்றிக் கற்றவற்றை ஒப்புவிக்கும்படியும் கேட்கவில்லை. தம்மிடத்தில் அன்புண்டோ என்று மட்டும் கேட்டார். மூன்றாம் முறையும் அதையே கேட்டதனால் இராயப்பர் மனம் நொந்தார். எல்லாம் அறிந்த அவருக்குத் தம் அன்பும் தெரியும் என்றார். முதுமையிலே அவர் விரும்பாத இடத்திற்கு வேறொருவன் அவரைக் கட்டி இழுத்துச் செல்வான் என்பதையும் இயேசுநாதர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனைச் சொன்னபின்பே, தம்மைப் பின்செல்லும்படி அழைத்தார்.